படம் அனுப்பினால் மட்டும் போதுமா?

கேள்வி: விரைவில் பணி ஓய்வு பெறவிருக்கும் என் தந்தைக்குக் கையால் செய்த மடக்குக் கத்தி ஒன்றைப் பரிசளிக்க விரும்பி, ஒரு கைவினைஞரை அணுகினேன். எனக்குப் பிடித்த கத்தி ஒன்றின் படத்தை அனுப்பி, ‘இதைப் போலச் செய்து தாருங்கள்’ என்று எழுதினேன். அவரோ எந்த எஃகு வேண்டும், பூட்டு வேண்டுமா, கைப்பிடி எந்தப் பொருளில் வேண்டும், தந்தை வலக்கைப் பழக்கமுள்ளவரா இடக்கைப் பழக்கமுள்ளவரா என்று கேள்விகளை அடுக்கிவிட்டார். நான் என்ன விடை சொல்வது?

பதில்: இத்தனை கேட்கிறார் என்றால் நீங்கள் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘செய்துவிடலாம்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. தவிர, அந்தப் படத்தில் இருப்பது வேறொரு கலைஞரின் வடிவமாக இருந்தால், அதை அப்படியே நகலெடுக்கத் தன்மதிப்புள்ள எவரும் தயங்குவார்.

எஃகின் பெயரைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை அல்ல. தந்தை அந்தக் கத்தியால் எதை வெட்டப்போகிறார், வெட்டிய பின் துடைத்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்ற இரண்டையும் சொன்னால் போதும், மற்றதை அவரே முடிவு செய்வார். முதன்முதலாக ஒரு கத்தி செய்யச் சொன்னபோது நான் இதைச் சொல்லாமல், ‘உறுதியாக இருக்க வேண்டும்’ என்று வற்புறுத்தி 4 மில்லிமீட்டர் தடிமனில் அலகு (வெட்டும் தகடு) கேட்டு வாங்கினேன். அது ஆப்பிளை நறுக்கவில்லை, ஆப்பு இறக்கியதைப் போலப் பிளந்தது. குறை செய்தவருடையது அல்ல, கேட்டவனுடையது. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், கடித உறை பிரிக்கவும் பயன்படும் கத்திக்கு அதில் பாதித் தடிமனே தாராளம்.

பழம் வெட்டுபவர் என்றால் துருவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஏறத்தாழ 0.95 விழுக்காடு கரிமம் கொண்ட 1095 போன்ற எஃகைச் சாணை பிடிப்பது எளிது, கூரும் நன்றாக ஏறும். ஆனால் பழச்சாறு பட்டு அப்படியே விட்டால் கறுத்துத் துருவேறிவிடும். 14 விழுக்காடு அளவுக்குக் குரோமியம் சேர்ந்த 154சிஎம் போன்றவை துருவை எதிர்த்து நிற்கும், கூரும் நெடுநாள் தங்கும். மழுங்கிய பின் தீட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். எதுவானாலும், எஃகின் பெயரைவிட அதற்குக் கொடுக்கும் பதமே கத்தியின் தரத்தை முடிவு செய்கிறது என்பது என் கருத்து. 1095 எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் அந்த நிலையிலேயே விட்டால் கண்ணாடியைப் போல உடையும் என்பதால், மறுபடியும் 200 டிகிரி அளவில் சூடாக்கி அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் எத்தனை வரும்படி பதம் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். 58 முதல் 61 வரை என்று பதில் வந்தால் நிம்மதி அடையலாம்.

பூட்டைப் பற்றிய கேள்விக்கும் கைப்பழக்கத்தைப் பற்றிய கேள்விக்கும் தொடர்பு உண்டு. பழைய பாணிக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகில் உள்ள வில்லின் (ஸ்பிரிங்) அழுத்தமே அலகை நிறுத்தி வைக்கும். லைனர் லாக் என்ற பூட்டில், கைப்பிடிக்குள் உள்ள மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிப்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. இன்று பரவலாக உள்ள அதன் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் மைக்கேல் வாக்கர். வழக்கமாக அந்தத் தகடு வலக்கைக் கட்டைவிரலுக்கு ஏற்ப அமைவதால், இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு அதை மாற்றிச் செய்தாக வேண்டும். சட்டத்தையும் பாருங்கள்: பிரிட்டனில், பூட்டில்லாததும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை மீறாததுமான மடக்குக் கத்தியைத்தான் தனிக் காரணம் ஏதுமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்க முடியும். பூட்டில்லாத வில் கத்தி என்றால், தந்தையின் விரல் வலுவையும் கைவினைஞரிடம் சொல்லிவிடுங்கள். வில் இறுக்கமாக இருந்தால், அலகில் உள்ள நகப் பள்ளத்தில் நகம் வைத்து அதை இழுத்து விரிப்பது வயதானவர்களுக்கு எளிதல்ல.

கைப்பிடிக்கு மரமும் கொம்பும் அழகுதான் என்றாலும், காற்றின் ஈரத்துக்கேற்பச் சுருங்கி விரியும். துணியடுக்குகளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் மைகார்ட்டா பெரும்பாலும் அப்படியே இருக்கும். யானைத் தந்தம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அதிக விலை கொடுத்து டமாஸ்கஸ் அலகு கேட்பது பயனுள்ளதா?

பதில்: கண்ணுக்குப் பயன் உண்டு. இன்று அந்தப் பெயரில் விற்பது, இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, ஒன்றாக அடித்து இணைத்து, அமிலத்தில் தோய்த்து வரியை வெளிக்கொணர்ந்த அலகு. அமெரிக்கக் கத்திக் கலைஞர் வில்லியம் மோரன் 1973இல் அத்தகைய கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகே தனிக் கலைஞர்களிடம் அது மீண்டும் பரவியது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருளோ, மூசை என்னும் உருக்குக் கலத்தில் உருக்கிய ‘ஊட்ஸ்’ எஃகு. நம் ‘உருக்கு’, கன்னட ‘உக்கு’ ஆகிய சொற்களோடு அந்தப் பெயரை உறவுபடுத்துகிறார்கள். எப்படியும், வரி அலகு ஒரே எஃகால் ஆன அலகைவிட நன்றாக வெட்டும் என்று எண்ணி வாங்காதீர்கள்.

கேள்வி: பாதித் தொகை கொடுத்துவிட்டேன், சொன்ன நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நச்சரிக்கலாமா?

பதில்: மாதம் ஒரு முறை கேட்பது நச்சரிப்பு ஆகாது. அலகு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு படம் அனுப்பும்படி கேளுங்கள். வேலை நடக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வரைபடம், அளவுகள், முன்பணம், வேலை கைவிடப்பட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில் இப்போதாவது கேட்டுப் பெறுங்கள். கத்தி கைக்கு வந்ததும் அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு மடக்கி, அது இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் உரசாமல் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆட்டமோ உரசலோ இருந்தால், ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்புங்கள்.