எட்டுப் பேர் இருந்தால்தான் நாலு பேர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பற்றித்தான். அதிலும் அவர்களுடைய டிஃபென்சிவ் லைன், அதாவது தற்காப்பு முன்வரிசை பற்றி. கூடைப்பந்து வாசகர்கள் இந்த ஒரு இதழுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். அவனோடு உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். ஆறு விநாடி மோதுகிறார்கள், அப்புறம் அரை நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கிறார்கள். இதற்கே அந்தக் கனமான ஆட்களை மாற்றி மாற்றி உள்ளே அனுப்புகிறார்களே, அவ்வளவு களைப்பா? (ஒரு தாய், டெலாவேர்)

சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் ஆறு விநாடி ஒன்றுமில்லைதான். சாமான் நிரம்பிய ஃபிரிட்ஜ் ஒன்றை முழு பலத்தோடு ஆறு விநாடி தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இந்த ஃபிரிட்ஜ் உங்களைத் திருப்பித் தள்ளும். முடிந்ததும் எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் குனிய வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது தடவைக்கு மேல்.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரை உடைக்க எதிர் அணியில் முன்வரிசையில் நிற்பவர்கள்தான் டிஃபென்சிவ் லைன். பெரும்பாலும் நாலு பேர். நடுவில் இரண்டு மலை, ஓரத்தில் இரண்டு சிறுத்தை. பந்து கையை விட்டுப் போவதற்குள் குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தால் அது ‘சாக்’.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளரை ஒரே முனையிலிருந்து இருபது ஓவர் தொடர்ந்து போடச் சொல்வதில்லையே, அதே கணக்குதான் இங்கேயும். கூடுதல் வசதி என்னவென்றால், இந்த ஆட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். 53 பேர் கொண்ட பட்டியலில் ஆட்டத்தன்று 48 பேர் வரை களத்துக்குத் தயாராக இருக்கலாம். அதில் எட்டு ஒன்பது பேர் இந்த வரிசைக்கே போய்விடுவார்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். அங்கே எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிழவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். “பந்தைப் பார்க்காதே, நடுவில் இருக்கும் பெரிய ஆளின் காலைப் பார்” என்பார். ஆட்டத்தின் முதல் கால் பகுதியான முதல் குவார்ட்டரில் பந்து அசைந்த அதே நொடியில் அந்தக் கால் கிளம்பும். நாலாவது குவார்ட்டரில் பக்கத்து ஆள் கிளம்பிய பிறகு கிளம்பினால் ஆள் காலி. இரண்டு மோதலுக்கு நடுவில் கை இடுப்புக்குப் போகிறதா என்றும் பாருங்கள். போனால் பயிற்சியாளருக்கு முன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும், அடுத்த முறை அவர் வெளியே.

எதிர் அணி ஆள் மாற்றாமல் அவசர அவசரமாக ஆட ஆரம்பித்தால் மட்டும் இவர்களுக்கு மாற நேரம் கிடைக்காது. வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அசந்துபோவான்.

அக்கா, 2022-ல் ஈகிள்ஸ் 70 சாக் எடுத்தது. 2024-ல் வெறும் 41. நீங்களோ 2024 வரிசைதான் உசத்தி என்று எழுதுகிறீர்கள். கணக்கு தெரியுமா தெரியாதா? (ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

தெரியும் தம்பி. உங்கள் எண்கள் இரண்டும் சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவில்தான் எனக்குச் சண்டை.

2022-ல் ஹாசன் ரெட்டிக் 16 சாக். ஜாஷ் ஸ்வெட், பிராண்டன் கிரஹாம், ஜவான் ஹார்கிரேவ் மூவரும் தலா 11. ஒரே அணியில் நாலு பேர் இரட்டை இலக்கம் தொட்டது லீக் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. நாலு பேர் மட்டும் சேர்ந்து 49. சரி, 2023 பிப்ரவரி 12 அன்று சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக எத்தனை? பூஜ்யம். கணுக்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்த அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஒரு தடவைகூடச் சாய்க்க முடியவில்லை. புல் வழுக்கியது என்றார்கள், வழுக்கியதும் உண்மைதான். ஆனால் அதே புல்லில்தானே இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் 24 புள்ளி எடுத்தது. 38-35 என்று தோற்றோம். அந்த இரண்டாம் பாதியை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அடுத்த சீசன் இன்னும் மோசம். 10 வெற்றி, 1 தோல்வி என்று ஆரம்பித்து 11-6 என்று முடித்து, பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் டாம்பா அணியிடம் 32-9 வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார்கள். 2024 மார்ச்சில், வரிசையில் பல வருடம் நின்ற ஃப்ளெட்சர் காக்ஸ் ஓய்வு பெற்றார். ரெட்டிக்கை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். வரிசை அவ்வளவுதான் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

2024 சீசனில் பத்து சாக்கைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. அதிகபட்சம் ஸ்வெட்டின் 8. அப்புறம் நோலன் ஸ்மித் 6.5 (இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை), மில்டன் வில்லியம்ஸ் 5, ஜேலன் கார்ட்டர் 4.5. உங்களுக்கு இது இறக்கமாகத் தெரிகிறது. எனக்கு இதில் தெரிவது வேறு: யாரைப் பூட்டினால் வரிசை நிற்கும் என்று எதிர் அணிக்குத் தெரியவில்லை. முதல் நாலு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஒரு வாரம் ஓய்வு. அதற்கப்புறம் 13-ல் 12 வெற்றி. நவம்பரில் கிரஹாமுக்குக் கைத்தசை கிழிந்தது. 2022-ல் அப்படி ஒருவர் போயிருந்தால் ஊரே அழுதிருக்கும். இந்தத் தடவை ஜேலிக்ஸ் ஹன்ட் என்ற புதுப் பையனுக்குக் கூடுதல் வேலை கொடுத்தார்கள், வண்டி ஓடியது.

இனி 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். எதிரே அதே சீஃப்ஸ், அதே மஹோம்ஸ். தற்காப்புப் பொறுப்பாளர் விக் ஃபாஞ்சியோ அன்று முழுவதும் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. பிளிட்ஸ் என்றால் நாலு பேர் போதாது என்று பின்னாலிருந்து ஐந்தாவது, ஆறாவது ஆளையும் சேர்த்து அனுப்புவது. அனுப்பினால் பின்னால் காலி இடம் விழும், மஹோம்ஸ் அங்கேதான் எறிவார். நாலு பேரே வேலையை முடித்துவிட்டால் மீதி ஏழு பேர் பின்னால் நின்று எறிய இடமில்லாமல் செய்துவிடலாம். 6 சாக். ஸ்வெட் 2.5, வில்லியம்ஸ் 2, ஜோர்டன் டேவிஸ் 1, ஹன்ட் அரை. முதல் பாதியில் சீஃப்ஸ் நகர்ந்தது மொத்தமே 23 யார்டு. இடைவேளையில் 24-0, முடிவில் 40-22.

மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன். இடைவேளைக்குள் உறை நிறைந்துவிட்டது. நாலாவது குவார்ட்டரில் வில்லியம்ஸ் மஹோம்ஸின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்து அதன் மேல் தானே விழுந்தார். அந்த நேரத்தில் எதிரே நின்றவர்களுக்கு முழங்கால் மடங்கிக்கொண்டிருந்தது. இவர் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

உங்கள் பக்கத்து நியாயமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீஃப்ஸின் சுவரில் அன்று இடது ஓரத்தில் நின்ற ஜோ தூனி அந்த இடத்துக்காரரே இல்லை. அவர் உள்பக்கம் ஆடும் கார்டு. ஓரத்துக்கு ஆள் சரியாக அமையாததால் அவரை அங்கே நகர்த்தினார்கள், அவர் இடத்தில் மாற்று ஆள் ஒருவர். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்தைப் பிரித்த கதை. எங்களிடம் எட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களிடம் ஐந்தாவது ஆளுக்கே தட்டுப்பாடு. அதனால் அந்த 6 சாக்கை அப்படியே எங்கள் பெருமையில் மட்டும் எழுதிக்கொள்ள மாட்டேன்.

கார்ட்டர்தான் பெரிய ஆள் என்கிறீர்கள். அந்த ஃபைனலில் அவருக்கு ஒரு சாக்கூட இல்லையே? (பெயர் வேண்டாம் என்றவர், டெக்சாஸ்)

இல்லைதான். ஐந்து பேர் சுவர், எதிரே நாலு பேர். கார்ட்டரைத் தடுக்க இரண்டு பேரை ஒதுக்கினால் மீதி மூவரையும் ஆளுக்கு ஒருவராகச் சமாளிக்க வேண்டும். அந்த மூவரில் ஸ்வெட்டும் வில்லியம்ஸும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்தோம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவருக்குப் பேர் கிடைக்கும், அடுப்படியில் கிடந்தவரை யார் கேட்கிறார்கள்?

அவர் சாக் எடுப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு மூன்று வாரம் முன்னால் போங்கள். ஜனவரி 19, பனி கொட்டுகிறது, எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். இரண்டு சாக், அதோடு ஒரு பந்தைத் தட்டிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார். 28-22 வெற்றி.

கோப்பை வாங்கிய கையோடு வில்லியம்ஸையும் ஸ்வெட்டையும் விட்டுவிட்டார்களே, இது துரோகம் இல்லையா? (ஒரு வாசகி, பென்சில்வேனியா)

துரோகம் இல்லை அம்மா, உச்சவரம்பு. 2025-ல் ஒரு அணி சம்பளத்துக்கு ஒதுக்கக்கூடிய வரம்பு 279.2 மில்லியன் டாலர். வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து கொடுத்தது 4 வருடத்துக்கு 104 மில்லியன். சராசரி போட்டால் வருடத்துக்கு 26. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஆளுக்கு. ஸ்வெட்டுக்கு அரிசோனா 4 வருடத்துக்கு 76.4. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது?

இந்த வரிசை வந்த வழியைப் பாருங்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வருடாவருடம் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். அதில் ஸ்வெட் நாலாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். பள்ளி நாளிலேயே முழங்கால் சிதைந்த பையன் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். வில்லியம்ஸ் மூன்றாவது சுற்று. ஹன்ட்டும் மூன்றாவது சுற்று, கல்லூரியில் முதலில் பின்வரிசையில் சேஃப்டி ஆடியவர். மோரோ ஓஜோமோ ஏழாவது சுற்று, 249-வது ஆள். சந்தையில் ஆரம்ப விலையில் வாங்கி, சில வருடம் வேலை வாங்கி, விலை ஏறியதும் அனுப்பிவிடுகிறார்கள். கேட்கக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

காசு கொட்டி வாங்கினாலும் பலன் நிச்சயமில்லை. முந்தைய வருடம் ஜெட்ஸில் 10 சாக் எடுத்திருந்த பிரைஸ் ஹஃப்பை 2024-ல் 3 வருடத்துக்கு 51.1 மில்லியன் பேசிக் கூட்டிவந்தார்கள். சீசன் முழுக்க 2.5 சாக். மணிக்கட்டு அறுவை சிகிச்சையும் நடுவில் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சூப்பர் பவுல் அன்று அவரைக் களமிறங்கும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்பேக் டேக் பிரஸ்காட் மேல் கார்ட்டர் துப்பியதை நியாயப்படுத்துவீர்களா? (ஒரு டல்லாஸ் ரசிகர்)

மாட்டேன். அசிங்கம். 2025 செப்டம்பர் 4, சீசனின் முதல் ஆட்டம், ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃப் மட்டும்தான் முடிந்திருந்தது. ஒரு மோதல்கூட ஆடாமல் வெளியேற்றப்பட்டார்.

ஆனால் நீங்களே வாயைக் கிளறிவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வரிசையின் தலைப்பிள்ளை இல்லாமல் அன்று முழு ஆட்டத்தையும் ஆட வேண்டியிருந்தது. முதல் பாதியில் உங்கள் ஆட்கள் 20 புள்ளி எடுத்தார்கள், ஓட்டை நன்றாகவே தெரிந்தது. இரண்டாம் பாதியில்? பூஜ்யம். 24-20 என்று முடிந்தது. மின்னலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றதில் எங்கள் ஆட்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது, பந்தைப் பிடிக்க வேண்டிய உங்கள் சீடீ லாம்ப் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டு உதவினார். அதற்கு நன்றி.

ராம்ஸ் ஆட்டத்தில் ஜோர்டன் டேவிஸ் ஓடினாரே, அதை நேரலையில் பார்த்தீர்களா? (அதே பென்சில்வேனியா வாசகி, கடிதத்தின் பின்குறிப்பில்)

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது குவார்ட்டரில் 26-7 என்று பின்தங்கியிருந்தபோது அணைத்துவிட்டுப் படுக்கலாம் என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன், அணைக்க மனசு வரவில்லை. கடைசி நொடிகளில் 27-26, நாங்கள் முன்னால். ராம்ஸ் ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, எடுத்துவிட்டால் முடிந்தது கதை. அதற்கு முன்பே கார்ட்டர் ஒரு உதையைத் தடுத்திருந்தார், இன்னொன்று எங்கே நடக்கப்போகிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

டேவிஸ் ஆறரை அடி உயரம், நூற்றைம்பது கிலோ பக்கம். உதைத்த பந்து அவர் மேல் பட்டது. அதை எடுத்துக்கொண்டு 61 யார்டு ஓடினார். டச்டவுன், அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டியதற்கு ஆறு புள்ளி. 33-26. 2022-ல் கல்லூரி முடித்து வந்தபோது 341 பவுண்டு எடையோடு 40 யார்டை 4.78 விநாடியில் ஓடியவர், அதனால் கால் வேகம் புதிதல்ல. ஆனால் அது ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓடியது. இது அறுபது நிமிட ஆட்டத்தின் கடைசி ஓட்டம்.

நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ரீப்ளே காட்டினேன். அன்று இரவு ஷிப்டுக்குத் தூங்காமலேதான் போனேன்.