பதில்: டேபை மூடினாலும் வந்துகொண்டே இருக்கும் "குரோம் அப்டேட்" அறிவிப்பு

குரோமை அப்டேட் செய்யச் சொல்லி உங்களுக்கு வரும் அந்த அறிவிப்பு போலிதான், அதை கிளிக் செய்யாதீர்கள். எல்லா டேபையும் மூடிய பிறகும் திரையின் வலது கீழ் மூலையில் வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் வைரஸ் இல்லை. "ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி கொடுங்கள்" என்று ஏதோ ஒரு தளம் கேட்டு, நீங்களும் அழுத்தியிருப்பீர்கள்; உண்மையில் அது அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. அறிவிப்பை உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒரு தள முகவரி தெரியும். அனுப்புவது அந்தத் தளம்தான்.

1. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்.
2. அனுமதி பெற்ற பட்டியலில் அந்த முகவரியை நீக்குங்கள். உங்களுக்குத் தெரியாத மற்றவற்றையும் விட்டுவைக்காதீர்கள்.

உண்மையிலேயே அப்டேட் பாக்கியா என்று பார்க்க: மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம். பக்கம் திறந்ததுமே அது தானாகச் சரிபார்த்து இறக்கிக்கொள்ளும். ரீலாஞ்ச் கொடுத்தால் போதும். நிஜ அப்டேட் ஜிப் கோப்பை இறக்கித் திறக்கச் சொல்லாது. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொன்னால் உடனே மூடுங்கள்: உங்கள் கையாலேயே மால்வேரை (தீங்கு செய்யும் மென்பொருளை) ஓட வைக்கிறார்கள்.

ஆனால் ஏற்கெனவே ஏதாவது கோப்பை இறக்கித் திறந்திருந்தால் மேலே சொன்னது போதாது. இணையத்தைத் துண்டித்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன்பே நடக்கும் வைரஸ் சோதனை) ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கூடவே "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்கள். லாகின் குக்கியை, அதாவது நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு தரவைத் திருடியிருந்தால் பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வர முடியும்.