கூட்டம் போடாதீர்கள், அளவு டேப்போடு நடந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் சாலையில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் புதிதாகப் போடப்போகிறார்கள். குடியிருப்போரின் கருத்தைத் திரட்டும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு வந்திருக்கிறது. கூட்டம் போட்டோம், வந்தவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியே பேசிக் கலைந்தார்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்கள், பார்வையற்றவர்கள், முதியவர்கள் யாருமே வரவில்லை. எப்படித்தான் கேட்பது?

பதில்: பாதை சரியில்லாததால் வீட்டோடு இருக்கிறவரை அதே பாதையில் கூட்டத்துக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? நீங்கள்தான் அவர் வாசலுக்குப் போக வேண்டும். பொதுக்கூட்டத்தை விட்டுவிட்டு நடை ஆய்வு செய்யுங்கள். அதுவும் வரைபடம் தயாராகும் முன்பே. விளக்குக் கம்பம், வடிகால் மூடி இவற்றின் இடம் முடிவான பிறகு கேட்டால், தரைக்கல்லின் நிறத்தைத் தவிர மாற்ற எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். சக்கர நாற்காலி, வெள்ளைக்கோல், ஊன்றுகோல், குழந்தைத் தள்ளுவண்டி, மூன்று சக்கர சைக்கிள் என ஒவ்வொன்றையும் அன்றாடம் பயன்படுத்துகிற ஒருவர் இருக்கட்டும். கூடவே பள்ளிக்கு சைக்கிளில் போகும் பிள்ளை ஒன்று. பொறியாளரும் வர வேண்டும், ஆனால் விளக்கம் சொல்ல அல்ல, கேட்க. 800 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். நின்று நின்று அளந்தால் அதற்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, முடிந்தால் மழை விட்டதும் ஒரு முறை. சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்குவது வெயிலில் தெரியாது.

‘நடக்கவே முடியல’ என்ற புகாரை வைத்துப் பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே 70 செ.மீ.தான்’ என்றால் முடியும். ஆகவே ஒருவர் பேச, ஒருவர் அளக்க, ஒருவர் எழுதட்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 180 செ.மீ. வேண்டும், நெருக்கடியான இடத்திலும் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தலைக்கு மேல் 2.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். வெள்ளைக்கோல் தரையைத்தான் தடவும்; முகத்துக்கு நேரே நீட்டியிருக்கும் பலகையை அது கண்டுபிடிக்காது.

சரிவை அளக்க 120 செ.மீ. மட்டப்பலகையும் ரசமட்டமும் போதும். பலகையின் மேல்முனையைச் சரிவில் ஊன்றி, கீழ்முனையைக் குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்குங்கள். கீழே உள்ள இடைவெளி 10 செ.மீ. என்றால் சரிவு 1:12, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம். அதைத் தாண்டினால் நாற்காலிக்காரர் தானாகத் தள்ளிக்கொண்டு ஏறுவது கடினம். பாதையின் குறுக்கே வைத்தால் 2.4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எல்லாரும் மறப்பது இந்தக் குறுக்குச் சரிவைத்தான். அது கூடினால் நாற்காலி சாலைப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு கையால் தள்ளி ஓய்ந்துபோவார்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் கடிகாரம் பிடியுங்கள். சிக்னல் நேரத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற கணக்கில் வைக்கிறார்கள். 9 மீட்டர் சாலைக்கு 7.5 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 11 நொடிக்கு மேல் ஆகும்.

சச்சரவு வரும், வரட்டும். நாற்காலிக்காரர் நடைபாதை விளிம்பு சாலையோடு சமமாக இருக்கட்டும் என்பார். பார்வையற்றவரோ, விளிம்பு தட்டுப்படாவிட்டால் நடுச்சாலையில்தான் போய் நிற்பேன் என்பார். இருவர் சொல்வதும் நியாயம். விளிம்பைத் தாழ்த்தி, அங்கே குமிழ் பதித்த எச்சரிக்கைத் தரைக்கற்களைப் போடுவதே தீர்வு. ஜப்பானின் செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்தக் கற்களில் குமிழ் என்றால் ‘நில்’, நீளக்கோடு என்றால் ‘இந்த வழியே போ’. இரண்டையும் மாற்றிப் பதித்தால் கல்லே இல்லாததைவிட ஆபத்து.

இன்னொரு சண்டை, பாதை வாசலில் நடும் இரும்புத் தூண்கள். மோட்டார் சைக்கிள் நுழையாதபடி நெருக்கி நடச் சொல்வார்கள். சக்கர நாற்காலி போகும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் போகும். தூணால் இரண்டையும் பிரிக்க முடியாது. மூன்று சக்கர சைக்கிளுக்கு 1.5 மீட்டர் விட்டுவிடுங்கள். மோட்டார் சைக்கிளைத் தடுப்பது கண்காணிப்பின் வேலை. திருப்பங்களில் சந்தேகம் வந்தால், காலி இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் அசல் அளவில் கோடு போட்டு, நீளமான சைக்கிளை ஓட்டித் திருப்பச் சொல்லுங்கள். கால்மணி நேரத்தில் விடை கிடைக்கும்.

நடை ஆய்வில் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் இரண்டு வாரத்துக்குள், குழுவில் வந்தவர்களுக்குப் பதில் தர வேண்டும்: ஏற்றோம், ஏற்கவில்லை, ஏன். பெரிய எழுத்திலும் ஒலிப்பதிவாகவும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முறை கூப்பிடும்போது யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

வேலை முடிந்து ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை போகும் முன், அதே குழு இன்னொரு முறை நடக்கட்டும். சாய்தளம் சாலையைத் தொடும் இடத்தில் 6 மி.மீ.க்கு மேல் உதடுபோல் மேடு நிற்கிறதா, கோட்டுக்கல் நேராகப் போய்க் கம்பத்தில் முட்டுகிறதா, வடிகால் கம்பிகள் சைக்கிள் சக்கரம் இறங்கும்படி பாதையின் போக்கிலேயே படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று கிடைக்கும்.