3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது: ராஸ்ப்பெரி பை கேள்வி பதில்

ராஸ்ப்பெரி பை (சுருக்கமாகப் ‘பை’) என்ற சிறிய கணினிப் பலகையில் வெளிக்கருவிகளை இணைப்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நிரலை அனுப்பிப் பிழை கேட்டவர்களே அதிகம். பெரும்பாலான நிரல்களில் பிழை இல்லை, வயரில்தான் இருந்தது. பையோடு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பை 5-இல் வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. சில நேரம் பையே மறுபடி தொடங்குகிறது. என் கைப்பேசியின் 67 வாட் சார்ஜரைத்தான் பயன்படுத்துகிறேன். 27 வாட் கேட்கும் பைக்கு 67 வாட் போதாதா?

போதாது. அந்த 67 வாட் கைப்பேசிக்கு மட்டும் கிடைப்பது. வேக சார்ஜர்கள் வோல்ட்டை 9, 12, 20 என்று ஏற்றித்தான் அவ்வளவு வாட்டைத் தருகின்றன. பை கேட்பதோ 5 வோல்ட் மட்டும். 5 வோல்ட்டில் உங்கள் சார்ஜர் 2 அல்லது 3 ஆம்பியர்தான் தரும். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பை 5-க்கான அதிகாரபூர்வ அடாப்டர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது.

5 ஆம்பியர் அடாப்டர் இல்லை என்று தெரிந்தால், பை 5 தன் யூஎஸ்பி துளைகள் நான்கும் சேர்ந்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்க விடாது. 5 ஆம்பியர் கிடைத்தால் அந்த வரம்பு 1.6 ஆம்பியராகும். தட்டு சுழலும் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஏறத்தாழ 1 ஆம்பியர் கேட்கும். கிறீச் ஒலி அங்கிருந்துதான் வருகிறது. சரியான அடாப்டர் வாங்குங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்பில் டிஸ்க்கை மாட்டுங்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லும் யோசனை உலவுகிறது. அடாப்டரால் தர முடியாததை அந்த வரி தந்துவிடாது.

மெல்லிய கேபிளும் வோல்ட்டைத் தின்னும். பலகைக்கு வந்து சேரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் குறைந்த மின்னழுத்த எச்சரிக்கை வரும். அதை மறைக்க வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது அது.

கேள்வி: அண்ணா, நான் பதினொன்றாம் வகுப்பு. பாடத்தில் சொன்னபடி 17-இல் எல்ஈடியை இணைத்தேன். எரிகிறது, ஆனால் நிரலால் அணைக்க முடியவில்லை. நிரலை நிறுத்தினாலும் எரிந்துகொண்டே இருக்கிறது.

தம்பி, பாடத்தில் சொன்னது ஜிபிஐஓ 17, அதாவது நிரலால் இயக்கும் இணைப்பு முனைகளில் ஒன்று. நீ எண்ணிப் பார்த்து மாட்டியது பலகையில் வரிசையாக நிற்கும் ஊசிகளில், அதாவது பின்களில், பதினேழாவது. ஜிபிஐஓ 17 இருப்பது பதினோராவது பின்னில். பதினேழாவது பின் 3.3 வோல்ட் மின்சாரம் தரும் பின். பையை அணைக்கும்வரை எரியத்தான் செய்யும். சிப்பின் எண் ஒன்று, பலகையின் வரிசை எண் வேறு. எதைப் படித்தாலும் எழுதியவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று முதலில் பார். எல்ஈடியோடு 330 ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கிறாய்தானே? இல்லையென்றால் முதலில் அதை வை, பிறகு வயரை மாற்று.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் மட்டம் அறிய ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 சென்சாரை இணைத்தேன். இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. இப்போது எப்போதும் பூச்சியம் காட்டுகிறது.

அந்தச் சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவது. எதிரொலி வந்ததைத் தெரிவிக்கும் அதன் எக்கோ காலும் 5 வோல்ட்டையே திருப்பி அனுப்புகிறது. பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. ஆர்டுயினோ ஊனோவுக்கு எழுதிய பாடத்தை அப்படியே பைக்குச் செய்பவர்கள் விழும் குழி இதுதான், ஏனென்றால் ஊனோ 5 வோல்ட் பலகை. ‘எனக்கு நன்றாகத்தானே ஓடியது’ என்பவர்களுக்கு நீங்கள் சொன்ன இரண்டு நாளே பதில்.

எக்கோ காலிலிருந்து 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியாகப் பையின் பின்னுக்கு வாருங்கள். அந்தப் பின்னிலிருந்து 2 கே வழியாக கிரவுண்டுக்குப் போங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 மட்டுமே பின்னுக்கு வரும். 2 கே கிடைக்காவிட்டால் இரண்டு 1 கே-யைத் தொடராக இணையுங்கள். ஒலியை அனுப்பச் சொல்லும் ட்ரிகர் காலுக்கு இது தேவையில்லை, பையின் 3.3 வோல்ட்டை அது ஏற்றுக்கொள்ளும். பழைய பின் இனி நம்பத்தக்கதல்ல, வேறொன்றுக்கு மாறுங்கள்.

தொட்டிக்குள் ஆவி படியும் என்பதால் இந்தத் திறந்த சென்சார் நெடுநாள் உழைக்காது. கார் பம்பரில் இருப்பது போன்ற, நீர் புகாத தலை கொண்ட வகையை வாங்குங்கள். மிக அருகில் வரும் நீர்மட்டத்தை அது சரியாகக் காட்டாது. நிரம்பிய மட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

கேள்வி: அதே தொட்டிக்கு ரிலே மூலம் 1 எச்பி மோட்டாரை இயக்க வேண்டும். நிரல் தொடங்கியதும் ரிலே ஒட்டிக்கொள்கிறது, விடுவதே இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள். மலிவான 5 வோல்ட் ரிலே மாடியூல்கள் பல, உள்ளீட்டின் மின்னழுத்தம் தாழ்ந்தால் இயங்குபவை. அணைய வேண்டுமானால் உள்ளீடு 5 வோல்ட் அருகே போக வேண்டும். பை தருவது 3.3. மீதி 1.7 வோல்ட் சில மாடியூல்களை அணையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். நடுவில் பிசி547 போன்ற ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள்: எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் மாடியூலின் உள்ளீட்டில், பேஸுக்குப் பையின் ஜிபிஐஓ பின்னிலிருந்து 1 கே ரெசிஸ்டர். இனி அந்தப் பின் உயர்ந்தால் ரிலே இயங்கும், தாழ்ந்தால் விடும்.

பின்னைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ளவை பை தொடங்கும்போதே உள்ளுக்குள் மேல்நோக்கி, அதாவது 3.3 வோல்ட் பக்கம், இழுக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறு மின்னோட்டமே டிரான்சிஸ்டரைத் திறந்துவிடலாம். மின்வெட்டு முடிந்து பை எழும்போதெல்லாம் மோட்டார் தானாக ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 9 முதல் 27 வரை உள்ளவை கீழ்நோக்கி, அதாவது கிரவுண்ட் பக்கம், இழுக்கப்பட்டவை. 17 அல்லது 22 எடுங்கள்.

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ரிலே மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டாரை நேராக இணைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிவிடும். ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரை அந்தக் கான்டாக்டர் இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: மண் ஈரப்பத சென்சார் ‘ஈரம்’, ‘காய்ந்தது’ என்று இரண்டே நிலை காட்டுகிறது. இடைப்பட்ட அளவு வேண்டும்.

பையில் அனலாக் உள்ளீடே கிடையாது, அதாவது இடைப்பட்ட வோல்ட் அளவை அதனால் படிக்க முடியாது. அந்த அளவை எண்ணாக மாற்றித் தரும் எம்சிபி3008 சிப்பை எஸ்பிஐ என்ற இணைப்பு வழியாகச் சேருங்கள். எட்டு சென்சார் வரை படிக்கும். மறக்காமல் 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள்.

கேள்வி: இணையம் இல்லாத கடையில் பை 4 ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் பில்லில் பழைய நேரம் விழுகிறது.

பை 4-இல் கடிகாரம் இல்லை. டிஎஸ்3231 கடிகார மாடியூலை ஐடூசி (இரண்டு வயர்களில் தகவல் போகும் இணைப்பு) பின்களில், அதாவது 3, 5-ஆம் பின்களில், இணையுங்கள். மின்சாரத்தை 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் மாடியூலில் உள்ள ரெசிஸ்டர்கள் அந்த 5 வோல்ட்டை ஐடூசி வயர்களுக்கும் கொண்டுவரும். ஐடூசி முகவரிகளைத் தேடும்போது 68 தெரிந்தால் இணைப்பு சரி. அந்தக் கடிகாரத்துக்கான டிரைவரைச் சேர்த்த பிறகு 68 மறைந்து ‘யூயூ’ என்று வரும். சிப் எரிந்துவிட்டது என்று பயந்து கழற்றிவிடாதீர்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை எடுத்துக்கொண்டது என்று பொருள். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் வாங்கினால் போதும்.

கேள்வி: பை 3-இல் இருந்த கேமரா பை 5-இல் பொருந்தவில்லை.

கேமரா சரிதான், ரிப்பன் கேபிளை மாற்றுங்கள். பழையது 15 பின், பை 5-இல் 22 பின். ஒரு முனை பெரிதும் மறுமுனை சிறிதுமான கேபிள் தனியாக விற்கிறது. பையை அணைத்த பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எதையாவது எரித்திருக்கிறீர்களா?

எரிக்காமலா? முதல் பின்னில் 3.3 வோல்ட், பக்கத்திலேயே இரண்டாவது பின்னில் 5 வோல்ட். ஓடிக்கொண்டிருந்த பையின் மேல் ஸ்க்ரூ டிரைவர் நழுவி இரண்டையும் தொட்டது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அதன் பிறகு அந்தப் பலகை எழவே இல்லை. அன்றிலிருந்து 2, 4-ஆம் பின்களில் 5 வோல்ட் தேவைப்படாத நாள்களில் ஒரு துண்டு ரப்பர் ஸ்லீவைச் செருகி வைக்கிறேன்.