வெயிலைக் கண்டதும் சிலருக்கு மட்டும் ஏன் தும்மல் வருகிறது?

"சளி இல்லை, தூசி இல்லை. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன் இரண்டு மூன்று தும்மல் போடுகிறேன். இது ஏதாவது நோயா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோய் இல்லை. எனக்கும் உண்டு, என் அப்பாவுக்கும் உண்டு. மக்களில் 18 முதல் 35 சதவீதம் பேருக்கு இது இருக்கும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. மற்றவர்களிடம் சொன்னால்தான் நம்பமாட்டார்கள்.

வெயிலின் சூடுதான் காரணம் என்று தோன்றும். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கேள்வித் தொகுப்பிலும் விடை அந்தத் திசையில்தான் போகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் அதைக் காசு செலவில்லாமல் உடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்து நின்றால் முகத்தில் சூடு அப்படியே இருக்கிறது, தும்மல் மட்டும் வருவதில்லை. ஆக, வழி மூக்கு அல்ல, கண். ஆனால் அவர் அடுத்துச் சொன்ன விளக்கம் தேறவில்லை. கண்ணில் ஊறும் நீர் மூக்குக்குள் இறங்கி உறுத்துகிறது என்றார். நமக்கோ கண்ணீர் ஊறி இறங்கும்வரை தும்மல் காத்திருப்பதில்லை.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் நரம்புகளைப் பற்றியது. மூக்கின் உள்ளே ஏற்படும் அரிப்பை மூளைக்குச் சொல்வது முக்கிளை நரம்பு. நெற்றி, கண், கன்னம், தாடை எல்லாம் அதன் ஆளுகைதான். புருவ முடியைப் பிடுங்கும்போது சிலர் தும்முவதும் இதனால்தான். வெளிச்சத்தின் செய்தி பார்வை நரம்பு வழியாகப் போகிறது. இரண்டும் மூளையில் அருகருகே வேலை செய்யும் இடத்தில், நம்மைப் போன்றவர்களுக்குச் செய்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிகிறது என்கிறார்கள். பழைய தொலைபேசியில் நாம் பேசும்போது நடுவே வேறு யாருடைய பேச்சோ கேட்குமே, அதுபோல. 2010இல் சூரிச் ஆய்வாளர்கள் இப்படித் தும்முகிற 10 பேரையும் தும்மாத 10 பேரையும் ஒப்பிட்டபோது, தும்முகிறவர்களின் மூளையில் பார்வைக்கான பகுதியே ஒளிக்குக் கூடுதலாகக் கிளர்ந்தெழுவதைக் கண்டார்கள். எனவே கசிவு என்பது கதையின் பாதிதான் என்பது என் எண்ணம்.

இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: தும்மலைத் தூண்டுவது வெளிச்சம் இருப்பது அல்ல, அது சட்டென்று கூடுவது. கண் பழகிவிட்டால் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. இதை அறியாமல் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது தும்மினால் ஆகாது என்பார்கள் அல்லவா? அப்பாவும் நானும் வாசற்படி தாண்டியதும் தும்முவோம். "உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கடா" என்று அப்பத்தா திருப்பி அழைப்பார். ஓட்டு வீட்டின் இருட்டில் கண் மறுபடி பழகிவிடும். வெளியே வந்ததும் மறுபடி தும்மல். பரிகாரமே பாதகத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. திண்ணை வெளிச்சத்தில் உட்கார வைத்திருந்தால் சகுனமும் பிழைத்திருக்கும், முகூர்த்தமும் தவறியிருக்காது.

வைத்தியம் எதுவும் தேவையில்லை. வெளியே வந்த பிறகு கறுப்புக் கண்ணாடியைத் தேடுவதைவிட, கதவைத் திறப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் சுரங்கப்பாதை முடியும் இடத்திலும், அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து மேலேறும் சரிவிலும் வேகத்தைக் குறைத்து, முன்னே போகும் வண்டியோடு இடைவெளி விடுங்கள். போர் விமானிகளுக்கு இது ஆபத்தாகலாம் என்று 1993இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட வேண்டிய அறுவை சிகிச்சை வந்தால் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்து அந்த ஊசியைப் போடும்போது சிலர் திடீரென்று தும்முவதுண்டு, இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். ஊசி கண்ணருகே இருக்கும் நேரம் அது.