மூன்று அமைப்பு, மூன்று எக்செல்: எதை முதலில் சரி செய்வது?

மூன்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஊட்டச்சத்துத் திட்டம், ஆளுக்கொரு எக்செல், அதையெல்லாம் ஒட்டுப்போட்டு அறிக்கையாக்குவதே உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள். நானும் இப்படி ஒன்றில் மாட்டியவன்தான். பணத்தை முதலிலேயே மூன்றாகப் பிரித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பொதுக் குறிக்கோள் எழுதினால் இப்படித்தான் வரும்.

சரி, இப்போது செய்யக்கூடியது. "பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர்" வகையறாக்களை அவரவர் தாளிலேயே விட்டுவிடுங்கள். எந்த ஓர் அமைப்பும் தனியாக மாற்ற முடியாத மூன்று நான்கு அளவீடுகள் மட்டும் பொதுத் தாளில் இருக்கட்டும். குழந்தைகளின் உயரக் குறைவு மெதுவாகத்தான் மாறும், அதைக் காலாண்டுக்கொருமுறை அளப்பது வீண்; 6 முதல் 23 மாதக் குழந்தைகள் முந்தைய நாள் எட்டு உணவு வகைகளில் ஐந்தையாவது சாப்பிட்டார்களா என்ற கேள்வி சீக்கிரம் அசையும், விவசாயம், சுகாதாரம், சந்தை மூன்றும் சேர்ந்தால்தான் அசையும். மூன்று பேரும் ஒரே கிராமங்களில்தான் வேலை செய்கிறார்களா என்று பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிர்ச்சிதான்.

ஐ.நா. அமைப்புகளின் இப்படிப்பட்ட கூட்டுத் திட்டங்களுக்கு என்று ஸ்பெயின் பணத்தில் 2006 இறுதியில் தொடங்கிய புத்தாயிர இலக்கு நிதியில் ஒரு விதி இருந்தது: முந்தைய தவணைப் பணத்தில் 70 சதவீதத்துக்காவது எல்லோரும் சேர்ந்து செலவு ஒப்பந்தம் போடாவிட்டால் யாருக்குமே அடுத்த தவணை கிடையாது. ஒருவரையொருவர் போனில் கூப்பிட வைக்கும் விதி, ஆனால் செலவு செய்யும் வேகத்தைத்தான் பார்க்கும், பலனைப் பார்க்காது.

உங்கள் திட்டத்தில் பணம் நிர்வாக முகவர் (நன்கொடையாளர் பணத்தை ஒரே இடத்தில் வாங்கி அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்) வழியாகவா வருகிறது, ஒவ்வோர் அமைப்புக்கும் நேரடியாகவா? அதைச் சொன்னால் யாரிடம் பேசுவது என்று பார்க்கலாம்.