தேரியில் நடப்பது

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கோவையில் வேலை. போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். பனையேறி எங்களைப் படிக்கவைத்தவர். காரியமெல்லாம் முடிந்து கோவை திரும்பியதும் எதிலும் மனம் ஒட்டவில்லை. பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வந்தபோது சும்மா தேரிக்குள், அந்தச் செம்மணல் மேடுகளுக்குள், நடந்தேன். அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன். அதிலிருந்து மாதம் ஒருமுறை ரயிலேறி வந்துவிடுகிறேன். எங்கு பார்த்தாலும் பனை. அதில் அப்பா ஏறியது எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ‘அந்த மணல்ல என்னதான் இருக்கு?’ என்கிறாள் மனைவி. நண்பர்கள் கொடைக்கானல் போகச் சொல்கிறார்கள். இயற்கை துயரத்தை ஆற்றும் என்பது உண்மையா? இல்லை, நான் வீட்டைவிட்டு ஓடுகிறேனா?

செ., கோவை

அன்புள்ள செ.,

மாதத்தில் ஒருநாள் ஓடினால்தான் என்ன?

இயற்கை ஆற்றும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. என் அம்மா இறந்த வருஷம் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்தால் அதே நினைப்புதான் சுற்றிச் சுற்றி வந்தது. எழுந்து நடந்து, எதையாவது உற்றுப் பார்க்க ஆரம்பித்த பிறகே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. பாலைத்திணை, பிரிவு என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. தேரியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன், அவ்வளவுதான்.

உடைமரத்தடியில் குனிந்து பாருங்கள். விரல் நுனி அகலத்தில் புனல் போலக் குழிகள் இருக்கும். குழியானை என்ற பூச்சியின் வேலை. விளிம்பில் எறும்பு கால் வைத்தால் மணல் சரியும். அது தப்பி ஏறப் பார்த்தால் அடியில் ஒளிந்திருப்பது மணலை வாரி மேலே வீசும், எறும்பு மறுபடி சறுக்கும். இந்தக் குழியானைதான் பிற்பாடு இறக்கை முளைத்துத் தும்பி மாதிரி பறக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் தலைக்குள் வேறெதுவும் ஓடாது. உங்களுக்குத் தூக்கம் வந்தது இப்படிப்பட்ட ஒரு விடுப்பினால் இருக்கலாம். மணலில் நடந்த கால்வலிக்கும் அதில் பங்குண்டு, அதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம்.

அந்த மணலில் என்ன இருக்கிறது என்று கேட்டாரே உங்கள் மனைவி, அது நல்ல கேள்வி. மணல்பொடியின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் அவை. மழை பெய்தால் ஓடாது, தேங்காது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். அதில் வாழ்ந்தவர்கள் செய்த சின்னஞ்சிறு கல் கருவிகள் காற்று மணலை அள்ளிய இடங்களில் வெளியே தெரிந்திருக்கின்றன. சாயர்புரம் பக்கத்துக் கருவிகளைப் பற்றி ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956இல் விரிவாக எழுதினார்கள். உங்கள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், இருந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

சரி, அப்பாவின் பனைக்கு வருகிறேன். அவரோடு தொழில் செய்தவர்கள் ஒருவராவது ஊரில் இருப்பார். பதநீர்க் காலத்தில், விடிவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு பனைவிளைக்குப் போங்கள். அப்பா எந்த வரிசையில் ஏறினார், எந்த மரம் நன்றாகச் சுரந்தது, எதில் சறுக்கி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார் என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும். உங்களிடம் சொல்லாததை அப்பா அவரிடம் சொல்லியும் இருப்பார். அன்று மனைவியையும் அழைத்துப் போங்கள். கருப்பட்டி காய்ச்சும் இடத்தில் அவருக்குப் பேச நிறைய ஆள் கிடைக்கும்.

கோவையில் இன்னும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தேரியையும் வைத்துக்கொண்டு அதையும் செய்யலாம்.

அப்புறம் ஒன்று, ஆடியில் உள்ளே போகவேண்டாம். காற்று கண்ணைத் திறக்கவிடாது, வந்த கால்தடத்தையும் மூடிவிடும். மேடெல்லாம் ஒன்றுபோலத் தெரிவதால் உள்ளூர்க்காரர்களே தடுமாறுவார்கள். மற்ற மாதங்களிலும் வெயிலேறும் முன் திரும்பிவிடுங்கள், தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.